உறைக்குள் காகிதம் வைத்த குற்றம்

அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் மாமன்றத்தில் சேர முதலில் கையைக் காட்ட வேண்டும். ரேகை பார்க்க அல்ல, அழுக்குப் பார்க்க. நான் காட்டினேன். செயலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திருப்பச் சொன்னார். மறுபடி திருப்பச் சொன்னார். பிறகு உள்ளே போய்த் தலைவரையே அழைத்து வந்துவிட்டார். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். சிமெண்டு மூட்டை இறக்குகிற கை. விரலிடுக்கில் வெள்ளையாகத் தெரிவது அழுக்கு இல்லை, அது தோலாகவே ஆகிவிட்டது என்று விளக்கம் சொன்னேன். தலைவர் பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை. எப்படியும் இங்கே யாரும் எதையும் கையால் தொடப் போவதில்லை" என்றார்.

அது சத்தியமான வார்த்தை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு கடிதம் வர வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

எழுத்து தெரியாமலே பாதி ஆயுசுக்கு மேல் ஓட்டிவிட்டவன் நான். தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிற நோட்டீஸ் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரி வாசித்துச் சொல்லிவிடுவாள். வாசிக்கும்போது தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வாள். அச்சில் இருந்தது எது, அவள் வாயிலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. என் மாத்திரை அட்டையில் "சாப்பாட்டுக்குப் பின், சண்டை போடாமல்" என்று எழுதியிருப்பதாகவே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு வீட்டிலிருந்த எழுத்தெல்லாம் ஊமையாகிவிட்டது. அதனால்தான் தொழிற்சங்க ஆபீஸில் நடந்த பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு வழியாகக் கூட்டி வாசிக்கவும் எழுதவும் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அடுத்த கஷ்டம் தெரிந்தது. வாசிக்கக் கற்றுக்கொண்டவனுக்கு வாசிக்க ஏதாவது வேண்டும். மாத்திரை அட்டையை எத்தனை தடவைதான் வாசிப்பது? அதில் சண்டையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மகளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். வெளியூரில் வேலை, குழந்தைகள், ஓட்டம். கடிதம் கிடைத்ததுமே போன் பண்ணினாள். உடம்பு சரியில்லையா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாயா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் எழுதினேன் என்றேன். "சும்மா யாராவது லெட்டர் போடுவாங்களாப்பா? போன் இருக்கறப்ப லெட்டர் வந்தா பயமா இருக்குல்ல. இனிமே இப்படிப் பண்ணாதே" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அதற்குப் பிறகு பண்ணவில்லை.

கூட மூட்டை இறக்குகிற ஒருவனை நாங்கள் ரேடியோ என்போம். திருகி நிறுத்த முடியாத ரேடியோ. அவனிடம் ஒரு நாள் டீக்கடையில் மனசு விட்டுச் சொன்னேன். அவன் கிளாசைக் கீழே வைத்தான். "உனக்கு லெட்டர் போட கரண்ட் ஆபீசை விட்டா வேற நாதி இல்லைய்யா. அவனும் பணம் கட்டலேன்னாத்தான் போடுவான். ஒரு மாசம் கட்டாம இருந்து பாரேன்."

யோசித்துக்கூடப் பார்த்தேன். இருட்டில் எப்படி வாசிப்பது என்று விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் தபால் நிலையச் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். "தபால் வழியே உறவு! உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் வெளியூர் இணை ஒருவர்! மாதந்தோறும் ஓர் உறை உறுதி!" விரல் வைத்து வாசித்தேன். உறை என்றுதான் போட்டிருந்தது, கடிதம் என்று போடவில்லை. ஆனால் வாசலில் செருப்புக் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

மாமன்றம் ஒரு பழைய கட்டிடத்தின் மாடியில் இருந்தது. மின்விசிறி உண்டு, போடக் கூடாது. தலை பறந்துவிடும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, பலமாகச் சிரிக்கக் கூடாது. சிரிக்கிற மாதிரி அங்கே எதுவும் நடக்கவில்லை என்பதால் அந்த விதியை யாரும் மீறியதாகத் தெரியவில்லை. உறுப்பினர்கள் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வியர்வை ஆல்பத்தில் சொட்டிவிடாமலிருக்க நெற்றியில் ஒரு துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்தது போலிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஓர் இடுக்கி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் கை குலுக்குவதில்லை. இடுக்கி முனையால் இடுக்கி முனையைத் தொட்டு, டிக் என்று ஒரு சத்தம் எழுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செயலாளர் எல்லாரையும்விட அதிகமாக டிக் பண்ணுவார். அதனால் மனசுக்குள் அவருக்கு இடுக்கி என்றே பெயர் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார், "தங்களிடம் எத்தனை தலை இருக்கிறது?"

"ஒன்னுதாங்க" என்றேன்.

அவர் முகத்தில் இரக்கம் வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

தலைவர் என்னை வரவேற்றுப் பேசினார். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"புதிய உறுப்பினரே! அஞ்சல்தலை என்பது வெறும் காகிதமல்ல. அது ஒரு தேசத்தின் முகம். அதில் எச்சில் தடவி உறையில் அறைவது என்பது முகத்தில் அறைவதற்குச் சமம். என் சேகரிப்பில் பயன்படுத்தப்பட்ட தலை ஒன்றுகூடக் கிடையாது. அதன் முதுகுப் பசை அச்சடித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. என் துணைவியார் ஒருமுறை தம் தாயாருக்குக் கடிதம் எழுதி, என் பெட்டியிலிருந்து ஒரு தலையை எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். அந்தத் தலையை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன்."

கூட்டம் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தது. நானும் நின்றேன். துணைவியாருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் என் இணையின் முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் கொடுத்தார்கள். நான் வேண்டியது அதுதான். கேள்விப்பட்டிராத ஓர் ஊர். அங்கே அவர் எப்படி இருப்பார், அவர் வீட்டுக்காரி இருக்கிறாளா, அவரும் மூட்டை தூக்குகிறவரா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். முதல் உறை அவரிடமிருந்து வரும், நான் பதில் அனுப்ப வேண்டும் என்று இடுக்கி சொல்லியிருந்தார்.

வந்தது. என் பெயரை ஒருவர் அச்சு மாதிரி எழுதியிருந்தார். என் பெயர் அவ்வளவு அழகானது என்று எனக்கு அதுவரை தெரியாது. மூலையில் ஒரு தலை: நீண்ட அலகுள்ள பறவை, ஒற்றைக் காலில் தண்ணீரில் நிற்கிறது. ஓரத்துப் பல்லெல்லாம் எலி கடித்தது போல வரிசையாக. அதன் வால்மேல் பாதி வட்டமாகத் தபால் முத்திரை, எந்த ஊர், என்ன தேதி எல்லாம் அதில். ஒரு பறவை இத்தனை தூரம் நடந்தே வந்து என் கதவிடுக்கில் நுழைந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மாமன்றத்தாரை நான் குறை சொல்ல மாட்டேன். தலை என்பது அழகான பொருள்தான்.

குளித்தேன். சட்டை மாற்றினேன். டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளேடால் உறையின் ஓரத்தை மெதுவாகக் கீறித் திறந்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை.

உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். விளக்கில் காட்டி உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். தரையில் தேடினேன். கட்டிலுக்கடியில் தேடினேன். வாசலுக்குப் போய், தபால்காரர் வந்த வழியெல்லாம் தெருமுனைவரை குனிந்துகொண்டே நடந்தேன். எதிரே வந்த ஒருவர் என்ன தொலைந்தது என்று கேட்டு, தானும் கொஞ்ச தூரம் கூடக் குனிந்து வந்தார். கடிதம் என்றதும் நிமிர்ந்துகொண்டார்.

மறுநாள் தபால்காரரை மறித்தேன். அவர் சைக்கிளிலிருந்து இறங்காமலே உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அண்ணே, மேல எழுதியிருக்கறதுக்குத்தான் நான் பொறுப்பு. உள்ள இருக்கறது உங்களுக்கும் அவருக்கும். ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார்.

ஆபீஸில் கவுண்டரில் இருந்த அம்மா பொறுமைசாலி. என்ன தொலைந்தது என்று கேட்டார். கடிதம் என்றேன். அதில் என்ன எழுதியிருந்தது என்றார். தெரியாது என்றேன்.

"என்னன்னே தெரியாதது தொலைஞ்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஆனால் தொலைந்தது தொலைந்ததுதான்.

யார் தப்பாக இருந்தாலும் இணை மனசு கஷ்டப்படக் கூடாது என்று நானே எழுத உட்கார்ந்தேன். "உங்கள் கடிதம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. உறை மட்டும் பத்திரமாக வந்தது. என்ன எழுதியிருந்தீர்கள் என்று தயவுசெய்து மறுபடி எழுதவும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் விசாரிப்பாக இருந்தால் நன்றாக இருக்காதே என்று, நான் என்ன வேலை செய்கிறேன், வீட்டில் தனியாக இருப்பது, மாத்திரை அட்டை விஷயம், அவளுக்கு என்ன நோய் வந்தது, கடைசியில் என்ன சொன்னாள் எல்லாம் எழுதினேன். இரண்டு தாள் ஆகிவிட்டது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுத்து தெரிந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, எனக்குள் இவ்வளவு இருந்தது என்று. தபால் நிலையத்தில் இருந்த தலைகளில் ஒரு படகைத் தேர்ந்தெடுத்து, நாக்கால் தொட்டு ஒட்டினேன். பெட்டிக்குள் அது விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

அடுத்த மாதம் பதில் வந்தது. மறுபடி அச்சு போன்ற எழுத்து. இந்தத் தடவை ஓர் ஆமை. பிளேடு வைத்துத் திறந்தேன். வெறும் உறை.

இப்போது எனக்கு விளங்கிவிட்டது. ஒரு தடவை என்றால் தவறி விழுந்தது எனலாம். இரண்டு தடவை என்றால் களவு. நடுவழியில் யாரோ ஒருவர் என் கடிதங்களை உருவிக்கொண்டு உறையை மட்டும் அனுப்புகிறார். பாவம், அந்த இணை பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே இருப்பார். இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு நேரே மாமன்றத்துக்குப் போய் இடுக்கியிடம் நீட்டி, களவு போயிருக்கிறது என்று புகார் கொடுத்தேன்.

அவர் உறைகளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அவற்றை இடுக்கியில் பிடித்துத் தூக்கி, "யார் செய்தது இதை?" என்றார்.

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்."

"வாயைக் கிழித்தது யார் என்று கேட்கிறேன்."

"நான்தாங்க" என்றேன்.

அந்த வாரமே அவசரக் கூட்டம் கூட்டினார்கள். எனக்குத் தனி நாற்காலி போட்டிருந்தார்கள், மற்றவர்களிடமிருந்து தள்ளி. களவைக் கண்டுபிடிக்கிறார்கள், புகார் கொடுத்தவனுக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மேசைமேல் ஒரு வெல்வெட் துணி, அதன்மேல் என் உறைகள் இரண்டும். பக்கத்தில் மூன்றாவதாக ஓர் உறை. அதில் ஒட்டியிருந்த படகைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நான் இணைக்கு அனுப்பியது. ஒட்டினது ஒட்டினபடி, பிரிக்காமல் இருந்தது.

தலைவர் எழுந்தார். "நம் மாமன்ற வரலாற்றில் இது ஒரு கரிநாள். மரியாதைக்குரிய இணை அவர்கள் ஒரு புகார் அனுப்பியிருக்கிறார்கள். நம் உறுப்பினர் அனுப்பிய உறை தடித்திருந்திருக்கிறது. அதனால் தபால் முத்திரை மேடு பள்ளமாக விழுந்து, பாய்மரத்தின் பாதி மறைந்துவிட்டது. ஒளியில் பிடித்துச் சோதித்ததில் உறைக்குள் அந்நியப் பொருள் இருப்பது உறுதியாகியிருக்கிறது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஓர் உறுப்பினர் எழுந்து ஒலி எழுப்பாமல் வெளியேறினார்.

விசாரணைக்கு ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். தபால் இலாகாவில் மிக உயர்ந்த பதவி வகித்தவராம். அவர் என் உறையை ஒரு சின்னத் தராசில் நிறுத்தார். அளவுகோலால் தடிமன் பார்த்தார். காதருகே கொண்டுபோய் லேசாக ஆட்டினார். பிறகு சாட்சியம் சொன்னார்.

"உள்ளே இருப்பது காகிதம். கோடு போட்ட மலிவு ரகம். இரண்டு தாள்கள், நான்காக மடிக்கப்பட்டவை. பதவிக் காலத்தில் கோடிக்கணக்கான கடிதங்கள் என்னைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றுகூட என்னைப் பாதித்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பாய்மரத்தைப் பார்க்கும்போது..." அவரால் மேலே பேச முடியவில்லை. இடுக்கி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார், உறைகளிடமிருந்து தூரத்தில் வைத்து.

பிறகு என்னைக் கேட்டார்கள்.

"வந்த உறைகளின் வாயை ஏன் கிழித்தீர்கள்?"

"உள்ள இருக்கறதை எடுக்கத்தாங்க."

"உள்ளே என்ன இருந்தது?"

"ஒன்னுமில்லீங்க."

"ஒன்றுமில்லாததை எடுக்கவா கிழித்தீர்கள்?"

எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு வியர்த்தது. பட்டை கட்டாத நெற்றி. அப்போதுதான் மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது: களவு எதுவும் நடக்கவில்லை. அந்த இணை எதுவுமே எழுதவில்லை. முகவரியை அழகாக எழுதி, தலையை ஒட்டி, முத்திரை நேராக விழுந்ததா என்று பார்க்க மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறார். இங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் வெறும் உறைகளைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"தப்புத்தாங்க. காயிதம் வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. வச்சது வச்சாச்சு. உங்கள்ல யாராவது ஒருத்தர் அதைப் படிச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றேன்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் ஈனச் செயல் இந்த மாமன்றத்தில் நடந்ததில்லை, நடக்காது."

"அது அவருக்கு எழுதினதுதானுங்களே. அவராச்சும்..."

"மரியாதைக்குரிய இணை அவர்கள் கண்ணியம் மிக்கவர். தமக்கு வந்த கடிதத்தையும் அவர்கள் படித்ததில்லை."

கூட்டம் இடுக்கிகளை டிக் டிக் என்று தட்டிப் பாராட்டியது.

சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் ஆல்பம். இத்தனையும் யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களோடு போனவைதானே என்று எனக்குள் ஓடியது. வாய் சும்மா இருக்கவில்லை. கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"தலையெல்லாம் இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க. உடம்பெல்லாம் எங்கங்க?"

"உடம்பா?"

"கடுதாசிங்க. தலைன்னு ஒன்னு இருந்தா, உடம்புன்னு ஒன்னு இருந்திருக்கணுமில்ல."

தலைவர் கோபப்படவில்லை. இது தொழில்நுட்பக் கேள்வி என்று எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்கினார். "நானோ புதிய தலைகளை மட்டுமே சேகரிப்பவன். மற்ற உறுப்பினர்களின் முறையைச் சொல்கிறேன். வெதுவெதுப்பான நீரில் கடிதத்தோடு சேர்த்தே மிதக்க விட வேண்டும். சற்று நேரத்தில் தலை தானாகவே கழன்று வந்துவிடும். மீதியைக் கொட்டிவிடுவோம். மை கரைவதால் நீர் நீலமாகிவிடும். பார்ப்பதற்கு மிகவும் அழகாக இருக்கும்."

இன்னும் ஏதோ கேட்கப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இடுக்கி என் தோள்வரை குனிந்து, "தலை இருக்க வால் ஆடக் கூடாது" என்று எச்சரித்தார்.

தீர்மானம் நிறைவேறியது. ஒன்று, உறைக்குள் காகிதம் வைத்த குற்றத்துக்காக என்னை ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு நான் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். இரண்டு, இனி மாமன்றத்துக்கு வரும் தலை ஒட்டிய உறை எதையும் எக்காரணத்தைக் கொண்டும் யாரும் திறக்கக் கூடாது. என் இரண்டு தாளையும் திருப்பிக் கேட்டேன். அது சான்றுப் பொருள் என்று ஓர் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவள் கடைசியில் சொன்னதும் அதற்குள்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சில வாரம் நான் தபால்காரர் வருகிற நேரத்தில் வீட்டில் இருப்பதையே தவிர்த்தேன். வேலை இல்லாத நாளிலும் சரக்குக் கொட்டகைக்குப் போய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் வீடு திரும்பியபோது கதவுக்கடியில் பழுப்பு நிறத்தில் ஒன்று கிடந்தது. தலை இல்லை. மூலையில் இயந்திரத்தில் அடித்த சிவப்பு முத்திரை மட்டும். மாமன்றத்தின் முகவரி. எதிர்பார்ப்பே இல்லாமல் கிழித்தேன்.

உள்ளே கடிதம் இருந்தது. முழுத்தாள், இரண்டு பக்கமும். தலை ஒட்டாத அலுவல் உறையில் காகிதம் வைக்க அவர்கள் விதியில் தடையில்லை போலும்.

"அன்புடையீர்" என்று ஆரம்பித்தது. நின்றவாறே ஒரு முறை, உட்கார்ந்து ஒரு முறை, விளக்குக்கடியில் ஒரு முறை வாசித்தேன். என் ஒழுங்கீனத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்கள். பாய்மரத்துக்கு ஏற்பட்ட சேதம் தனிப் பத்தியாக இருந்தது. முடிவில் "தங்கள் நலம் நாடும்" என்று போட்டுச் செயலாளர் கையெழுத்து. எனக்கு அப்படி இதற்கு முன் யாரும் எழுதியதில்லை. எனக்கென்றே உட்கார்ந்து, என்னைப் பற்றியே யோசித்து, இரண்டு பக்கம்.

ரேடியோவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யோவ், உன்னை வெளியே போடான்னு எழுதியிருக்கான்யா."

"அதுக்கு முன்னாடி அன்புடையீர்னு போட்டிருக்கான் பாரு."

அவன் தாளைத் திருப்பி முதல் வரியை மறுபடி பார்த்தான்.

பதில் எழுதினேன். "உங்கள் கடிதம் கிடைத்தது. மிகவும் சந்தோஷம். நீங்கள் சொல்வதெல்லாம் சரி. என்னைத் தாராளமாக நீக்கலாம். இங்கே நல்ல மழை" என்று தொடங்கி, மழையில் சிமெண்டு மூட்டையை எப்படிக் காப்பாற்றினோம் என்பதுவரை எழுதி, ஒரு குதிரைத் தலையாகப் பார்த்து ஒட்டிப் போட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி பழுப்பு உறை. "அன்புடையீர், தங்களிடமிருந்து குதிரைத் தலையிட்ட உறை ஒன்று வந்து சேர்ந்தது. முத்திரை தெளிவு, குளம்பு சேதமின்றி உள்ளது. உறை ஆல்பத்தில் சேர்க்கப்பட்டது. ஆயினும் தங்கள் விளக்கம் இதுநாள்வரை கிடைக்கப்பெறவில்லை என்பதை வருத்தத்துடன் நினைவூட்டுகிறோம்."

எனக்கு விஷயம் பிடிபட்டது. திறந்தால் தீர்மானத்தை மீறியதாகும். திறக்காவிட்டால் என் விளக்கம் வரவில்லை. விளக்கம் வராமல் என்னை நீக்க முடியாது. நீக்கும்வரை எனக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படித்தான் எங்கள் கடிதப் போக்குவரத்து ஆரம்பமானது. நினைவூட்டல் வந்தது. இரண்டாம் நினைவூட்டல் வந்தது. எச்சரிக்கை, கடும் எச்சரிக்கை, இறுதி எச்சரிக்கை எல்லாம் மாதம் தவறாமல் வந்தன. இறுதிக்குப் பிறகு "இறுதியிலும் இறுதி" என்று தலைப்பிட்டார்கள். ஒவ்வொன்றும் "அன்புடையீர்" என்றே ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் போட்டேன். இழுப்பறையில் பூட்டிய இரண்டு தாளில் எழுதியதையும் நினைவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி எழுதினேன். யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தபோது எழுதுவது சுலபமாக இருந்தது. கிணற்றுக்குள் குனிந்து பேசுகிற மாதிரி. மகளிடம் சொல்லாததை எழுதினேன். போன தடவைக் கடிதத்தில், மூட்டை சறுக்கிக் காலில் விழுந்து முழங்கால் வீங்கியது, ரேடியோதான் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான், கதவைத் திறந்து ஏன் லேட்டு என்று கேட்க ஆளில்லாதது அன்றைக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தேன்.

அதற்கு வந்த எச்சரிக்கை என் கையில் இருக்கிறது. அச்சடித்த வாசகத்தில் புதிதாக ஒன்றுமில்லை. விளக்கம் கிடைக்கவில்லை, மாமன்றத்தின் பொறுமைக்கும் எல்லையுண்டு, தங்கள் நலம் நாடும். அதற்குக் கீழே, தாளின் அடி ஓரத்தில், பென்சிலால் பொடியாக ஒரு வரி:

"முழங்கால் வீக்கம் வடிந்ததா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். வேறொன்றும் இல்லை. கையெழுத்தும் இல்லை. மாமன்றத்தில் மை தெறிக்கும் என்று பேனாவுக்கு அனுமதி கிடையாது, எல்லாரும் பென்சில்தான் வைத்திருக்கிறார்கள். யாராகவும் இருக்கலாம். இடுக்கியாக இருக்கலாம். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டவராக இருக்கலாம். தலைவராகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. நீராவியில் காட்டினால் பசை இளகும், திறந்து வாசித்துவிட்டு மறுபடி ஒட்டிவிடலாம். அந்தக் கலை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. எல்லாரும் போன பிறகு, விசிறி போடாத அந்தக் கூடத்தில், ஒருவர் கெண்டியில் வெந்நீர் வைத்துக்கொண்டு என் குதிரையையும் மற்ற உறைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து உட்கார்ந்திருப்பது போல நினைத்துப் பார்த்தேன். ஒரு வேளை எல்லாவற்றையும் வாசித்திருப்பார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இத்தனை மாதம் கொட்டிய கை அன்றைக்கு ஓடவில்லை. வாசிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும் கூச்சம் வந்துவிட்டது. எழுதினேன், அடித்தேன். அவளைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒருவர் படித்திருக்கிறார் என்ற நினைப்பில் காது சுட்டது. எழுந்து ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு வரிதான் தேறியது. "இப்போது பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" அதை மடித்து வைத்து ஒட்டியபோது உறை தடிக்கவே இல்லை. வெறும் உறை மாதிரியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று நினைத்துப் பிரிக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயந்து, பெட்டியில் போடுவதற்கு முன் இரண்டு தடவை காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த மாத எச்சரிக்கை இன்னும் வரவில்லை. மாதம் முடியப் போகிறது. என்னை நீக்கியே விட்டார்களோ, அல்லது அந்த ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களோ தெரியவில்லை. இன்று காலை தெருமுனையிலேயே போய் நின்று தபால்காரரைக் கேட்டேன். கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மிதித்துக் கொஞ்ச தூரம் போனவர் காலை ஊன்றி நின்று திரும்பினார்.

"வரும்ணே. உங்களை அவ்வளவு லேசுல விட்டுட மாட்டாங்க."